சோற்றைத் தொடாத காக்கா

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் ஒரு வதந்தி உலவுகிறது. கருமாதிச் சோற்றைக் காக்கா வந்து எடுக்கவில்லை என்றால் யாரும் பதற வேண்டாம், இருசப்பனுக்கு ஒரு போன் போட்டால் போதும். அவர் வருவார், வானத்தைப் பார்ப்பார், வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார், காக்கா வந்துவிடும். கல்வராயன் மலையில் யாரோ ஒரு சாமியாரிடம் மந்திரம் வாங்கியிருக்கிறார் என்பது ஒரு கட்சி. மந்திரமெல்லாம் இல்லை, சட்டைப் பையில் மை வைத்திருக்கிறார் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிக்காரர் ஒருவர், அவர் காக்காவையே பையில் போட்டுக்கொண்டு வருகிறார் என்று டீக்கடையில் என்னிடம் சத்தியம் செய்தார். மூன்று கட்சிகளும் ஓர் இடத்தில் கூட்டணி வைத்தன.

"ஆனா வந்துடுதுங்க. அது நெசம்."

கரண்ட் போனால் நாலு முறை கூப்பிட்டும் ஆள் வராத ஊரில், ஒரே முறை கூப்பிட்டதும் காக்கா வருகிறது என்றால் விசாரிக்காமல் விடலாமா? பத்திரிகையில் கிண்டல் பத்தி எழுதுகிறவன் நான், விசாரிக்கக் கிளம்பினேன்.

கச்சிராயபாளையம் சாலையில் ஒரு பிளெக்ஸ் கடை. காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அங்கே அச்சாகின்றன. கம்ப்யூட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒல்லியான மனிதர்தான் இருசப்பன். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டியிருக்கும். பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார். தலைக்கு மேலே இரண்டடி தள்ளிப் பார்ப்பார். பழக்கமில்லாதவர்கள் தங்களுக்குப் பின்னால் யாரோ நிற்பதாக நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். பின்னால் ஒரு லைட் கம்பம் இருக்கும், அதன் மேல் ஒரு கரிச்சான் குருவி உட்கார்ந்திருக்கும்.

முன்பு அவர் கல்யாண போட்டோகிராபர். இப்போது கல்யாணங்களுக்கு டிரோன் வந்துவிட்டது. கல்யாண லென்ஸ்களை விற்று, போர்வெல் பைப் மாதிரி ஒரு நீள லென்ஸை செகண்ட் ஹாண்டில் வாங்கினார். அதை வைத்துக்கொண்டு விடிந்ததும் கோமுகி அணைப் பக்கம் போவார். நீர்க்காகம், நாரை, பனங்காடை, மரத்தில் தலைகீழாக நடக்கிற ஏதோ ஒன்று என எல்லாவற்றையும் எடுப்பார். அவர் பறவை தேடுகிற முறை சுலபமானது. காக்காக்கள் கூட்டமாக எங்கே கத்துகின்றனவோ அங்கே போவார். "காக்கா யாரத் தொரத்துதோ அவன்தான் சார் பெரிய ஆளு. ஆந்தையா இருக்கும், வல்லூறா இருக்கும். நாம தேட வேணாம். அதுங்களே ஊரக் கூட்டிச் சொல்லிடும்."

மாவட்டத்தில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. பல் டாக்டர், பேங்க் மேனேஜர், விடுமுறைக்கு வரும் ஐடி பிள்ளைகள். இருசப்பனும் உறுப்பினர். அவர் போடுவதில் பாதிக்கு மேல் காக்கா. சோறு தின்னும் காக்கா, தின்ன யோசிக்கும் காக்கா, தின்னாமல் போகும் காக்கா. ஒருநாள் பல் டாக்டர் மிக மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்: "சார், காக்காவை மட்டும் கொஞ்சம் கம்மி பண்ணிக்குங்க. போன் மெமரி நிறைஞ்சிடுது." அன்றிலிருந்து இருசப்பன் குழுவில் எதுவும் போடுவதில்லை. யாரும் ஏன் என்று கேட்கவும் இல்லை.

கண்ணீர் அஞ்சலி பேனர்களில் ஓரத்தில் ஒரு வெள்ளைப் புறா பறக்குமே, அதை எடுத்துவிட்டு, தான் படம்பிடித்த புள்ளிப்புறாவை ஒருமுறை வைத்துப் பார்த்தாராம். இறந்தவரின் மகன் கடைக்கே வந்துவிட்டார். "எங்கப்பா இன்னா கறிக்கடையா வெச்சிக்கினு இருந்தாரு? காட்டுப் புறாவப் போட்டு வெச்சிருக்கீங்க!" மறுபடியும் வெள்ளைப் புறாவே பறந்தது. இந்த மாவட்டத்தில் செத்துப்போகிற எல்லோரையும் வெளியூர்ப் புறாதான் சொர்க்கத்துக்கு அழைத்துப் போகிறது.

வதந்தியைச் சோதிக்க அதிக நாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. நான் கடையில் இருக்கும்போதே போன் வந்தது. சின்னசேலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம், செழியன் என்பவருடைய அப்பாவுக்குக் கருமாதி. வெகு நேரமாகியும் காக்கா வரவில்லை. இருசப்பன் மானிட்டரை அணைத்தார். அவருடைய வண்டியிலேயே பின்னால் தொற்றிக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால், தெருவை அடைத்து ஷாமியானா. அதன் நடுவில் வாழையிலை, இலையில் சோறு, வடை, பாயசம். சுற்றிலும் சொந்தக்காரர்கள் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள், வருகிற காக்காவை வீடியோ எடுக்க. மைக் செட்டில் பக்திப் பாட்டு காதைக் கிழிக்கிறது. செழியன் வியர்த்துப்போய் ஓடிவந்தார்.

"இருசண்ணா, காலையிலேர்ந்து ஒண்ணும் வரல. சித்தப்பா இன்னாடான்னா, சொத்த ஒழுங்காப் பிரிக்கல, அதான் அண்ணன் வரலன்றாரு."

"நான் அப்பவே சொன்னேன்ல?" என்றார் சித்தப்பா, வடையோடு.

இருசப்பன் வானத்தைப் பார்த்தார். முணுமுணுத்தார். சத்தியமாக முணுமுணுத்தார், என் காதால் கேட்டேன். பிறகு சொன்னார்: "செட்ட நிறுத்துங்க. எலய எடுத்துக்கினு போயி அந்த மாட்டுக்கொட்டாய் சொவுத்து மேல வையிங்க. எல்லாரும் உள்ள போங்க. போனையும் உள்ள எடுத்துக்கினு போங்க."

ஊரே உள்ளே போனது. வேப்ப மரத்திலிருந்து ஒரு காக்கா இறங்கி, கழுத்தைச் சாய்த்து, வடையை எடுத்துக்கொண்டது. கதவிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஓவென்று அழுதார்கள். "வந்துட்டாருடா உங்கப்பா!" செழியன் இருசப்பனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். சித்தப்பா மட்டும், அது பக்கத்து ஊர்க் காக்கா மாதிரி இருக்கிறது என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

திரும்பும் வழியில் கேட்டேன். "என்ன முணுமுணுத்தீங்க?"

"நல்ல வெளிச்சம் சார். லென்ச எடுத்துக்கினு வராம வந்துட்டமேன்னு சொல்லிக்கினேன்."

"பந்தலுக்கு அடியில வெச்சா காக்கா வராதுன்னு அவங்ககிட்டயே சொல்லிடலாமே?"

வண்டி கொஞ்ச தூரம் போனது. "சொல்லிட்டா அடுத்த தபா அவங்களே நவுத்தி வெச்சிப்பாங்க. அப்புறம் எனக்கு யாரு சார் போன் பண்ணுவா?"

வதந்தி பொய் என்று அங்கேயே தெரிந்துவிட்டது. பத்திரிகைக்கு ஒரு பத்தி தேறியும் விட்டது. அங்கேயே நின்றிருக்கலாம். ஆனால் கடைக்குத் திரும்பியதும், வழியில் மழை பிடித்துக்கொண்டதால், அவருடைய வீட்டுக்குள் போக வேண்டியதாயிற்று. கடைக்குப் பின்னாலேயே வீடு. ஒரு தட்டு, ஒரு டம்ளர், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. சுவரில் மாலை போட்ட ஒரு படம். அவருடைய மனைவி கலையரசி.

படத்தில் கலையரசியின் தோளில் ஒரு கை இருந்தது. வளையல் போட்ட கை. கைக்கு உரிய ஆள் படத்தில் இல்லை.

"அது எங்க அக்கா கை" என்றார் இருசப்பன். "யாரு கல்யாணத்துலயோ கூட்டமா நின்னது. அவ தனியா நிக்கிற மாதிரி ஒண்ணுகூட கெடைக்கல. அக்காவ வெட்டிட்டேன். கைய வெட்டுனா கலைக்குத் தோளு போவுது. உட்டுட்டேன்."

ஆயிரம் மணப்பெண்களைப் படம் எடுத்த மனிதர். மீதியை அவராகவே சொன்னார்.

கலையரசி இறந்தது ஓர் ஐப்பசியில். கருமாதியன்று இலை போட்டார்கள். காக்கா வரவில்லை. உச்சிப்பொழுது தாண்டியும் வரவில்லை. அப்போது கலையரசியின் அண்ணன் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "எந்தங்கச்சிக்கு மனசு ஆறலடா. ஆறாமத்தான் போயிருக்கா." அதைக் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தாள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகள் சந்தியா. நர்ஸிங் சேர்ந்து கோயம்புத்தூர் போனவள், படிப்பு முடிந்து வேலையும் அங்கேயே பார்த்துக்கொண்டாள். போன் பண்ணினால் பேசுகிறாள். அம்மாவின் திதிக்கு மட்டும் வருவதில்லை. வராத காக்காவுக்கு நான் எதுக்குப்பா வரணும் என்று ஒருமுறை கேட்டாளாம்.

ரொம்ப நாள் கழித்து, அந்தக் கருமாதியில் யாரோ போனில் எடுத்த வீடியோவை அழிக்கப் போனவர் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். ஈரத் தரையெல்லாம் ஏதோ மின்னியது. நிறுத்திப் பெரிதாக்கினார். ஈசல் இறகுகள். முந்தின ராத்திரி மழை. காலையில் ஊர் முழுக்க ஈசல் கிளம்பியிருக்கிறது. காக்காக்கள் எல்லாம் எங்கேயோ ஈசல் விருந்தில் இருந்திருக்கின்றன. சோறு யாருக்கு வேண்டும்?

துள்ளிக் குதித்து மகளுக்கு அனுப்பினார். அவள் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இதுல காக்காவே இல்லியேப்பா. இல்லாத காக்கா ஈசல் துன்னுதுன்னு நீ எப்படிச் சொல்ற?"

நியாயமான கேள்வி. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இருசப்பனின் பறவை பார்த்தல். ஒரே படத்தில் மூன்றும் விழ வேண்டும்: பறக்கும் ஈசல், அதைக் கொத்தும் காக்கா, தொடாத சோறு. அந்த ஒரு படத்தைக் காட்டிவிட்டால் சந்தியா திதிக்கு வருவாள் என்று மனிதர் நம்பிக்கொண்டிருக்கிறார். நாரையும் பனங்காடையும் வழியில் கிடைத்தவை.

ஆக, ஊரெல்லாம் காக்கா சோற்றைத் தொடவேண்டும் என்று இலை போடுகிறது; இவர் தொடக்கூடாது என்று போடுகிறார். மழை பெய்த மறுநாள் எல்லாம் மதில்மேல் சோறு வைத்து, கேமராவோடு பதுங்குகிறார். இப்படிச் சோறு வைத்து வைத்து அந்தத் தெருக் காக்காக்களுக்கு இவர் முகம் பழகிவிட்டது. ஈசல் பறந்தாலும் நாலு காக்கா மரியாதைக்காவது வந்து இவர் சோற்றைக் கொத்திவிட்டுப் போகிறது. அணைப் பக்கம் போனாலும் அதே கதை. கருமாதி வீடுகளில் அவருக்குப் புகழ் சேர்த்த அதே காக்காக்கள், வீட்டில் அவரைத் தோற்கடித்துக்கொண்டிருந்தன.

"மொகந் தெரியாத காக்காவா வேணும் சார். மலைக்குத்தான் போவணும்."

போனோம். வானிலை அறிக்கை மழை என்றது. இருசப்பன் கட்டெறும்பைப் பார்த்துவிட்டு, அறிக்கை சரி என்று ஒப்புக்கொண்டார். கடைசி பஸ் பிடித்துக் கரியாலூரில் இறங்கும்போது கொட்ட ஆரம்பித்தது. அருவி பார்க்க வருகிறவர்களுக்கான ஒரு அறையில் தங்கினோம். அவர் லென்ஸைத் துண்டால் சுற்றித் தலையணைக்குப் பக்கத்தில் படுக்க வைத்துவிட்டு, தான் சுவரோரம் ஒண்டிக்கொண்டார்.

விடிந்தபோது மழை விட்டிருந்தது. சாலையோரத்தில் சின்னப்பொண்ணு என்ற அம்மாளின் டீக்கடை. கடைக்கு வெளியே குனிந்து, முறத்தில் எதையோ வாரிக்கொண்டிருந்தார். ஈசல்! தரையிலிருந்து புகை மாதிரிக் கிளம்பிக்கொண்டிருந்தது.

"அக்கா, ஒரு எலயும் கொஞ்சம் சோறும் குடுங்க" என்றார் இருசப்பன், மூச்சு வாங்க.

"பழைய சோறுதான் இருக்குது. துன்னவா?"

"காக்காவுக்கு."

சின்னப்பொண்ணு நிமிர்ந்து பார்த்தார். "ஈசலு வர்ற அன்னிக்கு எந்தக் காக்கா சோறு துன்னும்? நானே துன்ன மாட்டேன். பொரியோட வறுத்து வெக்கிறேன், நீயும் துன்னு."

"அது துன்னக்கூடாதுன்னுதான் வெக்கிறேங்கா."

அந்த அம்மாள் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். பைத்தியத்தை அழைத்து வந்தவனைப் பார்க்கிற இரக்கத்தோடு உள்ளே போய் இலையும் சோறும் கொண்டுவந்தார். காசு நீட்டியபோது தள்ளிவிட்டார். "இந்தக் கொழாய வெச்சி என்னிய ஒண்ணு எடுத்துக் குடு. நான் போயிட்டா மாட்டறதுக்கு வூட்ல ஒரு போட்டோ இல்ல."

"அப்புறம் எடுக்கலாங்கா. வெளிச்சம் பூடும்."

கடைக்கு எதிரேயுள்ள கட்டைச் சுவரில் இருசப்பன் இலையை வைத்து, புளிய மரத்துக்குப் பின்னால் மண்டியிட்டார். காக்காக்கள் வந்தன. ஊர்க் காக்காக்களோடு பெரிய அலகுள்ள அண்டங்காக்கா இரண்டு. சுவரில் உட்கார்ந்தன, தாவின, காற்றிலேயே ஈசலைக் கவ்வின. ஒன்று சோற்றுக்குப் பக்கத்திலேயே, இலையை மிதித்துக்கொண்டு நின்று, தலைக்கு மேலே பறந்த ஈசலைப் பிடித்தது. இருசப்பனின் விரல் விடவே இல்லை. நிமிர்ந்தபோது முழங்கால் இரண்டும் சேறு, கண்ணில் தண்ணீர். பெரிய திரையில் காட்டுகிற மாதிரி கேமராவை என் முகத்துக்கு நேரே நீட்டினார். மூன்றும் விழுந்திருந்தன. முதல்முறையாக அவர் என் முகத்தைப் பார்த்தார்.

சிக்னல் சாலை வளைவில்தான் கிடைக்கும் என்றார் சின்னப்பொண்ணு. வளைவுக்கு நடந்தோம். படத்தைப் போனுக்கு மாற்றி அனுப்பிவிட்டு, நீல நிறமாகும்வரை வாட்ஸ்அப்பின் அந்த இரண்டு டிக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆனதும் கூப்பிட்டார். ஒரு கையில் கேமரா இருந்ததால் ஸ்பீக்கரைப் போட்டார்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்பா. நல்லா இருக்குது. எங்க எடுத்த?"

"கரியாலூர்ல. பாரு, சோத்த மிதிச்சிக்கினு நிக்குது, தொடல! அன்னிக்கும் இதான் நடந்துச்சி. ஒத்துக்கிறியா?"

"ஒத்துக்கிறேன்."

இருசப்பன் என்னைப் பார்த்துச் சிரித்தார். வெற்றி பெற்ற வேட்பாளரின் சிரிப்பு.

"காக்கா வராததுக்கு ஈசல்தான் காரணம். சரிப்பா" என்றாள் சந்தியா. "ஆனா அம்மாவுக்கு மனசு ஆறலன்றத காக்காவா எனக்குச் சொல்லணும்? நான் கூடத்தான இருந்தேன்? சீக்கு வந்து படுத்தப்புறம் எத்தினி தபா கேட்டுச்சி, என்னிய ஒரு போட்டோ எடுய்யான்னு. தல சீவி, பூ வெச்சிக்கினு உக்காந்துச்சே, ஞாபகம் இருக்குதா?"

ஈசல் ஒன்று அவர் சட்டையில் விழுந்து, இறகை உதிர்த்துவிட்டு நடந்தது.

"இருக்குது."

"நாளைக்கின்னு சொன்ன."

"சொன்னேன். முகூர்த்த நாளு…"

"ஆமா. முகூர்த்த நாளு."

 அவள் பக்கம் ஆஸ்பத்திரி லிஃப்ட் மணி கேட்டது. "மழையில நனையாத. டூட்டிக்கு நேரமாச்சி, வெச்சிடறேன்பா."

அவர் போனைப் பையில் வைத்தார். இத்தனை வருடம் மழையிலும் சேற்றிலும் அலைந்து ஒரு வழக்கில் ஜெயித்தவர், அது தன் வழக்கே இல்லை என்று தெரிந்ததும் எப்படி நிற்பார்? அப்படி நின்றார்.  எனக்குக் கிண்டல்கூடத் தோன்றவில்லை, அது என் தொழிலுக்கு நல்லதல்ல.

பஸ் வருகிற நேரம். அவர் பஸ்ஸுக்கு நிற்காமல் டீக்கடைக்குத் திரும்பி நடந்தார்.

"அக்கா, உக்காருங்க. எடுத்துடறேன்."

"இப்பவா? ஈசலு கருகுது."

"இப்பத்தான். எறக்கி வெச்சிட்டு வாங்க."

சின்னப்பொண்ணு முகம் கழுவி, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வைத்து, பெஞ்சில் விறைப்பாக உட்கார்ந்தார். இருசப்பன் கேமராவைத் தூக்கினார். லென்ஸில் மூக்கு மட்டும் தெரிந்தது, அதுவும் மங்கலாக. தூரத்துப் பறவைக்கான லென்ஸ். பக்கத்தில் இருக்கும் ஆள் அதில் விழ மாட்டார். பின்னால் நகர்ந்தார். இன்னும் நகர்ந்தார். சாலையைக் கடந்து, கட்டைச் சுவரைத் தாண்டி, புளிய மரத்துக்கும் அப்பால் போனார்.

"யோவ் தம்பி! இன்னாத்துக்கு அவ்ளோ தூரம் ஓடற? நான் இன்னா கடிச்சிடவா போறேன்?"

"சிரிக்காதீங்கக்கா!" என்று அங்கிருந்து கத்தினார். சின்னப்பொண்ணு சிரித்துவிட்டார். அந்த நொடியில் இருசப்பன் எடுத்திருக்கிறார்.

பஸ் எங்களுக்காக நிற்கவில்லை. அடுத்த பஸ் வரும்வரை பொரியோடு வறுத்த ஈசல் தின்றோம். படத்தைப் பிரிண்ட் போட்டு எடுத்துவந்து கொடுப்பதாக இருசப்பன் வாக்கும், தன் போன் நம்பரும் கொடுத்தார். "எப்ப?" என்றார் சின்னப்பொண்ணு. "நாளை—" என்று ஆரம்பித்தவர், நிறுத்தி, "சீக்கிரம்" என்றார்.

இது நடந்து ஐப்பசி போய், கார்த்திகை போய், பொங்கலும் போய்விட்டது. போன வாரம் கடைக்குப் போனேன். சின்னப்பொண்ணு படம் பெரிதாக, பிரேம் போட்டு, கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறது. நல்ல படம். தோளில் யார் கையும் இல்லை. அஞ்சலி பேனருக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "எப்பங்க தவறுனாங்க?" என்று கேட்கிறார்கள்.

"கரியாலூர்ல டீ போட்டுக்கினு இருக்குது" என்கிறார் இருசப்பன்.

ஏன் இன்னும் கொண்டுபோய்க் கொடுக்கவில்லை என்று கேட்டேன். படத்தை சந்தியாவுக்கும் அனுப்பியிருக்கிறார். யாருப்பா இது, நல்லா சிரிக்குது என்று கேட்டிருக்கிறாள். நீ வா, ரெண்டு பேரும் போய்க் குடுத்துட்டு வரலாம் என்று இவர் சொல்லியிருக்கிறார். பாக்கலாம்பா என்றாளாம்.

"பாக்கலாம்னு சொல்லியிருக்கா சார்" என்றார், என் தலைக்கு மேலே இரண்டடி தள்ளிப் பார்த்தபடி. திரும்பிப் பார்த்தேன். லைட் கம்பத்தில் எதுவும் இல்லை.

அப்போது அவருடைய போன் அடித்தது; ஸ்பீக்கரைப் போட்டார். சின்னப்பொண்ணு சிக்னலுக்காக வளைவுக்கு நடந்து வந்து பேசுகிறார் போலிருக்கிறது, மூச்சு வாங்கியது.

"யோவ் தம்பி, எம்போட்டோ இன்னா ஆச்சி? நான் சாவறதுக்குள்ள வருமா, வராதா?"